ஸ்பானிய மொழியில் ஒருவருடைய கருத்தைக் கேட்பது எப்படி?

புதுச்சேரியின் விருந்தினர் விடுதிகளிலும் கைவினைப் பொருள் கடைகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலருக்கு, முத்தியால்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில், மாலை வேளைகளில் ஸ்பானிய மொழி சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெயர் சொல்வதும் விலை சொல்வதும் வழி காட்டுவதும் ஓரிரு மாதங்களில் அவர்களுக்குப் பழகிவிடுகின்றன. அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். எதிரில் இருப்பவருடைய கருத்தைக் கேட்க வேண்டிய இடம் அது. "இந்த நிறம் எப்படி இருக்கிறது?", "நேற்றுச் சாப்பிட்ட மீன் எப்படி?", "நாளைக்குப் படகில் போகலாமா, என்ன சொல்கிறீர்கள்?" என்று தமிழில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறவர்கள், ஸ்பானிய மொழியில் கேட்க வாயெடுத்ததும் முதலில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கே 'நினைத்தல்' என்ற பொருளுள்ள வினையை எடுத்துக்கொண்டு, அதை ஸ்பானிய மொழிக்கு மாற்றப் பார்க்கிறார்கள். சிக்கல் இந்தச் சுற்றுவழியில்தான் இருக்கிறது. தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருவதால், ஒலியைப் பற்றி முதலில் சில வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழியின் தகரம் நம் தகரமேதான். ஆங்கிலப் பழக்கத்தில் அதை டகரமாக்கக் கூடாது. 'தே' என்ற எழுத்து இந்தக் கட்டுரையில் இரண்டு சொற்களுக்கு வரும். 'உனக்கு' என்ற பொருளில் வரும் 'தே'யைத் 'தேன்' என்பதில் வருவதுபோலவும், 'பற்றி' என்ற பொருளில் வரும் 'தே'யைத் 'தேவி' என்பதில் வருவதுபோலவும் ஒலிக்க வேண்டும். 'பியென்', 'பேஸ்', 'பாமோஸ்' ஆகியவற்றின் முதல் எழுத்து 'பஸ்' என்பதில் வரும் பகரம். 'பரேஸே', 'பியென்ஸாஸ்' ஆகியவற்றில் வருவது 'பல்' என்பதில் வரும் பகரம். 'பரேஸே' என்று நான் எழுதுவது லத்தீன் அமெரிக்க ஒலிப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த 'ஸே'யை நாக்கின் நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்து ஒலிப்பார்கள். எப்படிச் சொன்னாலும் இரு பக்கத்தாருக்கும் புரியும்.

உனக்கு எப்படிப் படுகிறது?

ஸ்பானிய மொழியில் கருத்துக் கேட்க ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால், 'கே தே பரேஸே?' என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். 'கே' என்றால் 'என்ன'. 'தே' என்றால் 'உனக்கு'. 'பரேஸே' என்றால் 'தோன்றுகிறது' அல்லது 'படுகிறது'. சேர்த்துப் பாருங்கள்: உனக்கு என்ன தோன்றுகிறது, உனக்கு எப்படிப் படுகிறது. ஆங்கிலத்தில் கருத்துச் சொல்பவர் எழுவாயாக முன்னால் நிற்கிறார், அவர்தான் நினைக்கிறார். தமிழில் நாம் பெரும்பாலும் அப்படிப் பேசுவதில்லை. 'எனக்குச் சரியென்று படுகிறது', 'எனக்குப் பிடிக்கிறது', 'அவளுக்கு வேண்டாமென்று தோன்றியது' என்று, கருத்து உடையவரை நான்காம் வேற்றுமையில் வைத்து, கருத்தை அவரிடம் வந்து சேரும் ஒன்றாகச் சொல்கிறோம். ஸ்பானிய மொழியும் இதையே செய்கிறது. 'மே பரேஸே பியென்' என்றால் 'எனக்குச் சரியென்று படுகிறது'. 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கிறது'. ஆங்கிலம் வழியாகவே பயிலும் மாணவர்கள் இந்த அமைப்பில் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள்; தமிழ் பேசுகிறவர்களுக்கு இது பழகிய வீட்டின் வாசற்படி மாதிரி.

வாசற்படி இருக்கிறதே தவிர, நம் மாணவர்கள் அதைப் பயன்படுத்தாமல் சன்னல் வழியாக ஏறிக் குதிக்கப் பார்க்கிறார்கள். மிஷன் வீதிக்கு அருகில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர், ஸ்பெயினிலிருந்து வந்திருந்த வயதான தம்பதியருக்கு இரண்டு பருத்திப் படுக்கை விரிப்புகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இருந்தேன். விரிப்புகளைக் கையால் நீவிவிட்டு, அந்த அம்மையாரைப் பார்த்து, 'கே பியென்ஸா?' என்று கேட்டார். 'என்ன நினைக்கிறீர்கள்?' என்பது அவர் எண்ணம். அம்மையார் புருவத்தை உயர்த்தி, 'தே கே?' என்றார்; அதாவது, 'எதைப் பற்றி?' மாணவர் மறுபடியும் அதையே கேட்டார். அம்மையார் தன் கணவரைப் பார்த்தார், கணவர் கூரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் கழித்துத்தான் கேள்வி விரிப்பைப் பற்றியது என்று அவர்களுக்குப் புரிந்தது. மாணவர் இலக்கணப் பிழை எதுவும் செய்துவிடவில்லை. கண்ணெதிரே விரித்து வைத்த பொருளைப் பற்றிக் கேட்கும்போது ஸ்பானியர் எதிர்பார்ப்பது 'பரேஸே'. அது வராததால் அந்த அம்மையார் வேறு ஏதோ பெரிய விஷயத்தைத் தேடினார், அவ்வளவுதான். மறுவாரம் அதே கடையில் வேறொரு பெண்மணியிடம் 'கே லே பரேஸே?' என்று கேட்டதாகவும், 'மே பரேஸே உன் போகோ கிராந்தே' என்று பதில் வந்ததாகவும் மாணவர் சொன்னார். 'கொஞ்சம் பெரிதாக இருப்பதாகப் படுகிறது' என்பது அதன் பொருள். உடனே சிறிய அளவை எடுத்துப் போட முடிந்தது.

இந்த வினையில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வினை பொருளுக்கு இசைய வேண்டும், ஆளுக்கு அல்ல. ஒரு நிறத்தைக் காட்டினால் 'கே தே பரேஸே எஸ்தே கொலோர்?' என்கிறோம். ஒரு சோடிச் செருப்பைக் காட்டினால் 'கே தே பரேஸென் எஸ்தோஸ் ஸபாத்தோஸ்?' என்று வினை பன்மைக்கு மாறுகிறது. 'இந்த நிறம் எப்படித் தோன்றுகிறது', 'இந்தச் செருப்புகள் எப்படித் தோன்றுகின்றன' என்று எழுத்துத் தமிழில் நாம் செய்வதும் இதுவே. ('ஸபாத்தோ' என்பதைக் கேட்டதும் பழைய தமிழின் 'சப்பாத்து' நினைவுக்கு வந்தால் அது சரியான நினைவுதான். அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல், ஸ்பானியச் சொல்லுக்கு உடன்பிறப்பு. நாம் சொல்லும் 'மேசை' ஸ்பானிய மொழியிலும் 'மேஸா'தான். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் 'குசினி', அங்கே 'கொஸீனா'.)

இரண்டாவது, காலம். பார்த்து முடித்த படத்தையோ தங்கிவிட்டுப் போன அறையையோ பற்றிக் கேட்கும்போது 'பரேஸே' பொருந்தாது. 'கே தே பரேஸியோ?' என்று இறந்த காலத்தில் கேட்க வேண்டும், அதில் கடைசி 'யோ' அழுத்தம் பெறும். ஸ்பெயின்காரர்கள் இன்று காலையில் நடந்ததைப் பற்றிக் கேட்கும்போது 'கே தே ஆ பரேஸீதோ?' என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் முதல் வடிவமே போதும்.

மூன்றாவது, 'பரேஸே' என்பதை 'பரேஸெஸ்' ஆக்கிவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் 'நீ' ஆயிற்றே என்று நினைத்து வினையை முன்னிலைக்கு மாற்றுவது, ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற மாணவர்கள் செய்யும் தவறு. 'தே பரேஸெஸ் ஆ து மாத்ரே' என்றால் 'நீ உன் அம்மாவைப் போல இருக்கிறாய்' என்று பொருள். அங்கே வினை ஒப்புமையைச் சொல்கிறது, கருத்தை அல்ல.

நினைப்பதும், எண்ணிக்கொண்டிருப்பதும்

'நினைத்தல்' என்ற பொருளுள்ள 'பென்ஸார்' என்ற வினையை (துணிக்கடையில் வந்த 'பியென்ஸா' அதன் வடிவம்தான்) ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மனிதர்களைப் பற்றியும் முடிவுகளைப் பற்றியும் கேட்க அது நல்ல வினை. ஆனால் அதன் பின்னால் வரும் இடைச்சொல்லை விட்டுவிட்டால் பொருள் மாறிவிடும். 'கே பியென்ஸாஸ் தே எல்?' என்றால் 'அவனைப் பற்றி என்ன நினைக்கிறாய்?' என்று கருத்துக் கேட்பது. 'என் கே பியென்ஸாஸ்?' என்றால் 'எதை நினைத்துக்கொண்டிருக்கிறாய்?' என்று, சும்மா கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரைக் கேட்பது. 'கே பியென்ஸாஸ் அஸேர்?' என்றால் 'என்ன செய்வதாக இருக்கிறாய்?' என்று திட்டத்தைக் கேட்பது. பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு முதல் இரண்டின் வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். பிரெஞ்சிலும் இதே வினை இதே இரண்டு வழிகளில் பிரிகிறது. பிரெஞ்சு தெரியாதவர்கள் 'பற்றி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். தமிழில் 'பற்றி' வருகிற இடத்தில் 'தே'. 'அதையே' நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் 'என்'.

வினையின் வடிவம் பற்றி ஒன்று. 'பென்ஸார்' என்பதில் இருக்கும் 'பென்', அழுத்தம் விழும்போது 'பியென்' ஆகிறது. 'பியென்ஸோ', 'பியென்ஸாஸ்', 'பியென்ஸா', 'பியென்ஸான்' என்று நான்கு இடங்களில் மாறி, 'பென்ஸாமோஸ்' என்ற தன்மைப் பன்மையில் மாறாமல் நிற்கும். வாய்விட்டு இருபது தடவை சொன்னால் நாக்கு கற்றுக்கொள்ளும்; அட்டவணை எழுதி மனப்பாடம் செய்தவர்களைவிட, சொல்லிப் பழகியவர்களே பிழையில்லாமல் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

'ஓப்பினார்' என்ற வினை சற்றுப் பெரிய இடத்துக்கு உரியது. செய்தி, அரசியல், கல்வி, ஊருக்கு வரப்போகிற ஒரு மாற்றம் என, ஒருவர் நிலைப்பாடு எடுக்கக்கூடிய விஷயங்களுக்கு 'கே ஓப்பினாஸ் தே…?' அல்லது 'கே ஓப்பினாஸ் ஸோப்ரே…?' என்று கேட்பது பொருத்தம். தமிழில் 'நீங்கள் என்ன கருதுகிறீர்கள்?' என்று கேட்பதற்கு ஏறத்தாழ இணை. ரசத்தைப் பற்றி அப்படிக் கேட்டாலும் தவறில்லை. ஆனால் கேட்பவர் ஏதோ மதிப்பெண் போடச் சொல்வதுபோல இருக்கும். இந்த வினை முழுக்க ஒழுங்கானது, எங்கும் வடிவம் மாறாதது, ஆகவே தொடக்க நிலை மாணவர்கள் இதன் மேல் சாய்ந்துவிடுகிறார்கள். நான் அதைத் தடுப்பதில்லை, ஆனால் 'பரேஸே' பழகிய பிறகு இதைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

'கிரேயேர்' என்ற வினையின் அடிப்படைப் பொருள் நம்புதல். கருத்துக் கேட்கும் இடத்தில் அது ஊகத்தையும் மதிப்பீட்டையும் கேட்கிறது. 'கிரேயெஸ் கே பா ஆ யொவேர்?' என்றால் 'மழை வரும் என்று நினைக்கிறாயா?' ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரிக்கு வருகிற பயணிகளுக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. இங்கே தமிழர்கள் இரண்டு இடங்களில் வழுக்குவார்கள். தமிழில் 'என்று' பின்னால் வரும். ஸ்பானிய மொழியில் 'கே' முன்னால் வந்துவிடும். தமிழில் கேள்விக்கு 'ஆ' என்ற விகுதி இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அப்படி எதுவும் இல்லை. 'மழை வரும் என்று நினைக்கிறாய்' என்பதும் 'நினைக்கிறாயா' என்பதும் அங்கே சொல்லுக்குச் சொல் ஒன்றே. பேச்சில் குரல் கடைசியில் உயர வேண்டும். எழுத்தில் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தலைகீழான கேள்விக்குறி ஒன்று போட வேண்டும். குரலை உயர்த்த மறந்தால், நீங்கள் கேட்டது கேள்வி என்றே எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. பதில் சொல்லும்போதும் 'கே'யை விட முடியாது: 'கிரேயோ கே ஸீ' என்றால் ஆமென்று நினைக்கிறேன், 'கிரேயோ கே நோ' என்றால் இல்லையென்று நினைக்கிறேன்.

யாரைக் கேட்கிறோம்

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வயதினரை எப்படி அழைப்பது என்ற கூச்சமும் கவனமும் நமக்குப் பிறவியிலேயே உண்டு. 'தூ' என்பது நீ, 'உஸ்தேத்' என்பது நீங்கள். வினையில்தான் ஒரு புதுமை இருக்கிறது. 'உஸ்தேத்' என்பது 'புவெஸ்த்ரா மெர்ஸேத்', அதாவது 'தங்கள் அருள்' என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவான சொல். நேரில் நிற்கும் பெரியவரிடமே 'ஐயா என்ன நினைக்கிறார்?' என்று படர்க்கையில் கேட்பதுபோல, வினை படர்க்கை ஒருமையில் வரும். ஆகவே 'கே ஓப்பினாஸ்?' என்பது 'கே ஓப்பினா உஸ்தேத்?' ஆகிறது, 'கே தே பரேஸே?' என்பது 'கே லே பரேஸே?' ஆகிறது. இந்த 'லே' என்ற ஒரே சொல் 'உங்களுக்கு' என்றும் 'அவருக்கு' என்றும் பொருள்படும். கணவன் மனைவி இருவர் எதிரில் நிற்கும்போது மனைவியைப் பார்த்து அதைக் கேட்டால், 'உங்கள் கணவருக்கு எப்படிப் படுகிறது?' என்று கேட்பதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது 'கே லே பரேஸே ஆ உஸ்தேத்?' என்று முழுதாகச் சொல்லிவிட்டால் குழப்பமில்லை. இருவரையும் சேர்த்துக் கேட்க 'கே லெஸ் பரேஸே?' ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைக் கேட்கும்போது 'கே ஓஸ் பரேஸே?' என்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் அந்த வடிவம் பேச்சில் இல்லை.

பிரெஞ்சு பேசிப் பழகிய குடும்பங்களிலிருந்து வருகிற மாணவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. முசியே, மதாம் என்று அழைத்து வளர்ந்தவர்களின் காதில், அர்ஜென்டினாக்காரர் சொல்லும் 'போஸ்' என்ற சொல் பிரெஞ்சின் மரியாதைப் பெயரைப் போல விழுகிறது. உண்மையில் அது நெருக்கமான 'நீ'. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் மத்திய அமெரிக்காவின் பல பகுதிகளிலும் 'தூ'வின் இடத்தில் அதுதான் வழங்குகிறது. வினையும் சற்று மாறும்: 'பியென்ஸாஸ்' அங்கே 'பென்ஸாஸ்', அழுத்தம் கடைசியில். ஆனால் 'கே தே பரேஸே?' மட்டும் அங்கும் மாறாது; 'தூ'வுக்கும் 'போஸ்'ஸுக்கும் அதுவே பொது. இந்த மொழி 20 நாடுகளின் பொதுமொழி. நாட்டுக்கு நாடு மாறுகிற வடிவங்களுக்கு நடுவே மாறாமல் நிற்கும் ஒரு வாக்கியத்தை முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கொலம்பியாவின் பொகோத்தா பக்கத்தில் குடும்பத்துக்குள்ளேயே 'உஸ்தேத்' சொல்வார்கள் என்பதால், அந்த ஊர்க்காரர் உங்களை அப்படி அழைத்தால் விலக்கி வைக்கிறார் என்று எண்ண வேண்டாம். சந்தேகம் வந்தால் 'உஸ்தேத்'தில் தொடங்குங்கள். வேண்டாமென்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எப்படி இருக்கிறது, நன்றாக இருக்கிறதா

இனிச் சொல்லப்போவது இலக்கணம் அல்ல, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். நம் வீடுகளில் சாப்பாடு போட்டுவிட்டு 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் 'ம், நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். வேறு பதில் சொல்ல விருந்தாளிக்கு வாய் வராது. 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் மட்டுமே உப்புக் குறைவு வெளியே வரும். ஸ்பானிய மொழியிலும் இதே கதைதான். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு விடுதியில் சமையல் பார்க்கும் பெண்மணி ஒருவர், வஞ்சிரக் குழம்பு பரிமாறிவிட்டு 'லெஸ் குஸ்தா?' என்று கேட்பது வழக்கம், 'உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்பது பொருள். எல்லாரும் 'ஸீ, ஸீ' என்று தலையாட்டுவார்கள். தட்டில் பாதி மீந்துபோகும். நான் சொன்னதன்பேரில் ஒரு நாள் 'கே லெஸ் பரேஸே எல் பெஸ்காதோ?' என்று கேட்டார். 'எஸ்தா ரீக்கோ, பேரோ உன் போகோ பிகாந்தே பாரா மீ' என்று ஒருவர் சொன்னார்: சுவையாக இருக்கிறது, ஆனால் எனக்குக் கொஞ்சம் காரம். மறுநாள் அதே குழம்பில் மிளகாய்த்தூளைக் குறைத்துத் தேங்காய்ப்பாலைக் கூட்டினார், தட்டில் மிச்சமில்லை.

ஆமா, இல்லையா என்று மட்டும் பதில் கேட்கும் வடிவங்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. 'எஸ்தாஸ் தே அக்வேர்தோ?' என்று உடன்படுகிறாரா எனக் கேட்கலாம். 'நோ தே பரேஸே?', 'பெர்தாத்?' ஆகியவை நம் 'இல்லையா?', 'தானே?' போன்றவை, அவை கருத்துக் கேட்பதைவிட ஒப்புதல் வாங்குவதற்கே உதவும். உண்மையான கருத்து வேண்டும் என்கிற இடத்தில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

நெருங்கிப் பழகியவர்களிடம் இன்னும் இலகுவாகக் கேட்க 'கோமோ லோ பேஸ்?' இருக்கிறது. 'இதை எப்படிப் பார்க்கிறாய்?' என்பது பொருள். ஒரு நிலைமையைப் பற்றிக் கேட்க ஏற்றது. மெக்சிகோவில் 'லோ'வை விட்டுவிட்டு 'கோமோ பேஸ்?' என்பார்கள். 'தூ கே தீஸெஸ்?' என்பது நம் 'நீ என்ன சொல்கிறாய்?' என்பதேதான். ஆனால் 'தூ' இல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு 'கே தீஸெஸ்!' என்றால் 'என்ன பேச்சு இது!' என்று ஆகிவிடும். தமிழிலும் 'என்ன சொல்கிறாய்' என்பது குரலைப் பொறுத்துக் கேள்வியாகவோ சண்டையாகவோ மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து எதையாவது செய்யலாமா என்று கேட்கும்போது, அதே 'பரேஸே'யுடன் 'ஸி' சேர்த்தால் போதும். 'கே தே பரேஸே ஸி பாமோஸ் ஆ லா ப்ளாயா?' என்றால் 'கடற்கரைக்குப் போகலாமா, என்ன சொல்கிறாய்?' 'கே தால் ஸி பாமோஸ்?' என்பது இன்னும் சுருக்கம். மெக்சிகோக்காரர்கள் 'தே லாதே?' என்று கேட்பதும் உண்டு. 'லாதே' என்பது இதயம் துடிப்பதைச் சொல்லும் வினை. உன் நெஞ்சு இதற்குத் துடிக்கிறதா என்று கேட்கிற அழகு அதில் இருக்கிறது. அதை மெக்சிகோவுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம்.

அறிவுரையாகக் கருத்து வேண்டும்போது கேள்வியை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். 'கே அரீயாஸ் தூ என் மி லுகார்?' என்றால் 'என் இடத்தில் இருந்தால் நீ என்ன செய்வாய்?' பெரியவரிடம் 'கே அரீயா உஸ்தேத்?' உணவகத்திலும் கடையிலும் 'கே மே ரெகொமியென்தா?' என்று கேட்டால், 'எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?' என்று பொருள்.

கேள்வி திரும்பி வரும்போது

கருத்துக் கேட்டால் உங்கள் கருத்தையும் கேட்பார்கள். அங்கே ஒரு நுட்பம் உண்டு. 'கே தே பரேஸே?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அதைத் திருப்பிக் கேட்கும்போது 'ஈ ஆ தீ?' என்று கேட்க வேண்டும், 'ஈ தூ?' என்று கேட்கக் கூடாது. முதலாவது 'உனக்கு?', இரண்டாவது 'நீ?'. 'எனக்குப் பிடித்திருக்கிறது, நீ?' என்று தமிழில் யாரும் கேட்பதில்லை, 'உனக்கு?' என்றுதான் கேட்போம். ஆகவே இந்த இடத்தில் காது சொல்வதைக் கேளுங்கள். 'ஓப்பினாஸ்', 'பியென்ஸாஸ்', 'கிரேயெஸ்' வந்த கேள்விகளுக்கு மட்டும் 'ஈ தூ?' சரி. பெரியவர்களிடம் முறையே 'ஈ ஆ உஸ்தேத்?', 'ஈ உஸ்தேத்?'

பதில்களின் எடையும் தெரிந்திருக்க வேண்டும். 'மே என்காந்தா' என்றால் மிகவும் பிடித்திருக்கிறது. 'எஸ்தா பியென்' என்பது 'சரி, இருக்கட்டும்' அளவில்தான் நிற்கும். 'நோ எஸ்தா மால்' என்பதை நேராகப் பெயர்த்தால் 'மோசமில்லை' என்று ஏமாற்றமாக ஒலிக்கும். ஆனால் ஸ்பெயினில் பல நேரம் அது நம் 'பரவாயில்லையே!' போன்ற பாராட்டு. நம்மவர்கள் ஏமாறுவது 'ரெகுலார்' என்ற சொல்லில்தான். கடைக்காரர்களுக்கு 'ரெகுலர்' என்றால் வழக்கமானது, நம்பகமானது. ஸ்பானியர் அறையைப் பற்றி 'ரெகுலார்' என்றால் 'ஏதோ சுமார்' என்று பொருள். அது குறை சொல்வதன் மென்மையான வடிவம். அதைக் கேட்டதும் மகிழ்ந்து தலையாட்டாமல், என்ன குறை என்று விசாரியுங்கள்.

எழுத்தில் கேட்பது

தங்கிச் சென்ற விருந்தினருக்கோ வணிகத் தொடர்புடையவருக்கோ மின்னஞ்சல் எழுதும்போது, நேரடிக் கேள்வியைவிட விருப்பமாகச் சொல்வது மரியாதை. 'மே குஸ்தாரீயா கொனொஸேர் ஸு ஓப்பினியோன்' என்றால் 'தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்'. 'கிஸியேரா ஸபேர் ஸு ஓப்பினியோன்' என்பது அதற்கும் ஒரு படி பணிவானது. கூட்டத்தில் நேரில் கேட்கும்போது 'குவால் எஸ் ஸு ஓப்பினியோன் அல் ரெஸ்பெக்தோ?' என்று, 'இது குறித்துத் தங்கள் கருத்து என்ன?' எனக் கேட்கலாம். இதில் 'என்ன' என்பதற்குக் 'கே' வராமல் 'குவால்' வருவதைக் கவனியுங்கள்.

இங்கே 'கேள்' என்ற நம் வினையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் கேள்வி கேட்பதும் கேட்டு வாங்குவதும் காது கொடுத்துக் கேட்பதும் ஒரே வினை. ஸ்பானிய மொழியில் அவை மூன்று வினைகள்: வினவுவது 'பிரெகுந்தார்', வேண்டிப் பெறுவது 'பெதீர்', கவனித்துக் கேட்பது 'எஸ்குச்சார்'. 'உங்கள் கருத்தைக் கேட்க வந்தேன்' என்று எழுதும்போது பெரும்பாலும் 'பெதீர்' வரும், ஏனென்றால் கருத்தை அவரிடமிருந்து பெறுகிறோம். மணி என்ன என்று கேட்பதற்கு 'பிரெகுந்தார்'.

பயிற்சி

இருவர் சேர்ந்தால் போதும். மேசையில் மூன்று பொருள்களை வையுங்கள்: ஒரு பொருள், ஒரு சோடி, ஒரு செய்தித்தாள். முதலாவதைக் காட்டி 'பரேஸே', இரண்டாவதைக் காட்டி 'பரேஸென்', மூன்றாவதில் ஒரு செய்தியைக் காட்டி 'ஓப்பினாஸ்'. பதில் சொல்பவர் காரணத்தோடு சொல்ல வேண்டும், பிறகு 'ஈ ஆ தீ?' அல்லது 'ஈ தூ?' என்று சரியாகத் திருப்ப வேண்டும். என் மொட்டைமாடியில் கொடுக்காப்புளி, ஒரு சோடி ரப்பர் செருப்பு, அன்றைய நாளிதழ் ஆகியவை பல மாதங்களாக இந்த வேலையைச் செய்துவருகின்றன. பதினைந்து நிமிடம் தமிழோ ஆங்கிலமோ கலக்காமல் நடத்தினால் ஒரு வாரத்தில் வாய் திறந்துவிடும். பிறகு மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்ட கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே நடந்துகொண்டே, கண்ணில் படுவதை எல்லாம் ஒருவரை ஒருவர் கேளுங்கள். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் பல நாட்டவர் வாழ்வதால், ஸ்பானிய மொழி பேசுகிறவர் யாரையாவது சந்திக்கும் வாய்ப்பும் இந்த ஊரில் இருக்கிறது.

கேட்ட பிறகு காத்திருக்கப் பழகுங்கள். 'கே லே பரேஸே?' என்று கேட்டதும் எதிரில் இருப்பவர் 'புவேனோ…' என்று இழுப்பார். அது யோசிக்கிற இழுப்பு. பெரும்பாலும் அதன் பின்னால் ஓர் 'ஆனால்' வரப்போகிறது. நம் மாணவர்கள் அந்த இடைவெளி தாங்காமல் 'பியென், நோ?' என்று, 'நன்றாகத்தானே இருக்கிறது?' எனத் தாங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எடுத்துக் கொடுக்காதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஸ்பானிய எண்களிலேயே எண்ணலாம்.